வருவார் சார்

ஒருவர் வருவாரா மாட்டாரா என்று சொல்வதற்கு மாதச் சம்பளம் தருகிறார்கள் என்று அவர் முதன்முதலில் சொன்னபோது மனைவி நம்பவில்லை. ஏதோ வேலை போன கதையை மறைக்கப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தாள். பிறகு ஒரு நாள் அவளே அலுவலகத்துக்குப் போய், மூன்றாம் மாடியில் கோப்பு அலமாரிகளுக்கு நடுவே பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைக் கண்ணால் பார்த்த பிறகுதான் சமாதானமானாள். அது நடந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அந்த மேலாண்மைக் கல்லூரியில் வாசல் காவலாளியிலிருந்து டைரக்டர் மேடம் வரைக்கும் எல்லோருக்கும் அவர் 'வருவார் சார்'தான்.

வேலை, காதில் கேட்பதற்குத்தான் வேடிக்கை. கல்லூரியில் இடம் நூற்றெண்பது. விண்ணப்பம் போடுகிறவர்கள் மூவாயிரத்து அறுநூறு பேர். சரி, நல்லவர்களாக நூற்றெண்பது பேரைப் பொறுக்கிக் கூப்பிட்டால் கதை முடிந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அங்கேதான் சங்கடம். நல்லவர்களை இந்தக் கல்லூரி மட்டுமா கூப்பிடுகிறது? ஒவ்வொருவர் கையிலும் மூன்று கடிதம், நான்கு கடிதம் இருக்கும். நூற்றெண்பது பேரைக் கூப்பிட்டால் எண்பது பேர் வந்து நிற்பார்கள், நூறு நாற்காலி காலியாகக் கிடக்கும். அதனால் நானூறு பேரைக் கூப்பிட வேண்டும், நூற்றெண்பது பேர் வருவார்கள் என்று நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை எண்ணாக்கிக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. கூப்பிட்டவர்களில் வந்து சேர்ந்தவர்கள் நூற்றுக்கு எத்தனை என்பதை ஆபீஸில் 'ஈல்டு' என்பார்கள்.

கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதையும் அவர் பார்த்திருக்கிறார். ஒரு வருஷம் இருபத்து மூன்று பேர் கூடுதலாக வந்து சேர்ந்துவிட்டார்கள். வகுப்பில் நடைவழியிலெல்லாம் நாற்காலி போட்டார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டு பந்தி வைத்தார்கள். விடுதியில் துணி காயப்போடும் அறையில் நாலு பேர் படுத்துக்கொண்டார்கள். அதற்குப் பயந்து அடுத்த வருஷம் கையை இறுக்கிப் பிடித்ததில் பதினேழு இடம் காலி. ஆட்சிக் குழுவின் முன்னால் டைரக்டர் மேடம் தலையைக் குனிந்துகொண்டு நின்றதை அவர் இன்றும் மறக்கவில்லை.

அதோடு போகவில்லை. கல்லூரிகளைத் தரம் பிரித்து வருஷா வருஷம் ஒரு பத்திரிகை பட்டியல் போட ஆரம்பித்தது. எத்தனை பேரைக் கூப்பிட்டீர்கள், எத்தனை பேர் வந்தார்கள் என்று இரண்டு கேள்வி. குறைவாகக் கூப்பிட்டு நிறைய வரவைத்தால் கெட்டிக்காரக் கல்லூரி. கூப்பிட்டும் வராவிட்டால் மானம் போகும். ஆகவே எல்லா இடத்திலும் சத்தமில்லாமல் ஒரு வழக்கம் வந்தது. இவன் மிகவும் கெட்டிக்காரன், நம்மிடம் வரமாட்டான் என்று தோன்றினால் அவனைக் கூப்பிடுவதேயில்லை. வெயிட்டிங் லிஸ்டில் போட்டுவிடுவது. அவன் வேண்டாம் என்று சொல்வதற்குமுன் நாம் முந்திக்கொள்கிறோம், அவ்வளவுதான். வருவார் சாருக்கு இதில் முழுச் சம்மதம் கிடையாது. ஆனாலும் செய்தார்.

பெயர், ஊர், படம் எதுவும் அவர் கைக்கு வராது. சிபாரிசு நுழையக் கூடாது என்று மறைத்துவிடுவார்கள். நீளமான ஒரு தாளில் பதிவு எண் மட்டும் இருக்கும். பக்கத்தில் கட்டம் கட்டமாக மதிப்பெண், வேலை பார்த்த வருஷம், எவ்வளவு தூரத்திலிருந்து வரவேண்டும், அறிமுக நாளுக்கு நேரில் வந்தாரா, அலுவலகத்துக்கு ஃபோன் செய்து சந்தேகம் கேட்டாரா, நாம் அனுப்பிய மின்னஞ்சலை எத்தனை தடவை திறந்தார். கடைசிக் கட்டம் அவருடையது. வருவார் என்றால் 'வ'. வரமாட்டார் என்றால் 'மா'. பென்சிலால்தான் போடுவார்.

எதிர் மேஜையில் ஒரு அம்மாள். கணினியில் புள்ளிவிவர ப்ரோகிராம் எழுதி, அவர் செய்யும் அதே வேலையை அரை நிமிஷத்தில் செய்துவிடுவாள். ப்ரோகிராம் மேடம் என்று பெயர். இரண்டு பேருக்கும் வருஷா வருஷம் போட்டி. அவர் மூன்று நாலு புள்ளியில் ஜெயித்துவிடுவார். தோற்றவர் ஒரு வாரத்துக்கு டீ வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்த அம்மாள் நிறைய டீ வாங்கியிருக்கிறாள்.

இந்த வித்தையை அவர் ஆபீஸிலேயே விட்டுவிட்டு வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கும் கொண்டுவந்தார். ப்ளம்பர் சொன்ன நேரத்துக்கு வரமாட்டான் என்பார், வரமாட்டான். மச்சினர் குடும்பம் இந்த ஞாயிற்றுக்கிழமை வராது என்பார், வராது. அவருக்கு ஒரே மகள். பதினேழு வயதில் படிப்புக்கென்று வெளியூர் போனவள், அப்படியே வேலை, அப்படியே இன்னொரு ஊர் என்று கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் இருக்கிறாள். இருபத்தேழு வயதாகிறது. வீட்டில் இன்னும் பாப்பாதான். ஒவ்வொரு லீவுக்கும் மனைவி கேட்பாள், இவர் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் பதில் சொல்வார். பத்துக்கு ஒன்பது தடவை பலித்துவிடும். அதில் ஒரு பெருமைகூட இருந்தது, சொன்னால் வெட்கக்கேடு.

மனைவி வீட்டில் திரைச்சீலை தைப்பவள். ஜன்னல் அளவை யாராவது எழுதிக் கொடுத்தால் போதும், துணி வெட்டி, உள்துணி வைத்து, மடிப்பு எடுத்து, கொக்கி மாட்டிக் கொடுத்துவிடுவாள். வேலை பெருகப் பெருக மகளின் அறைதான் தையல் அறையாயிற்று. துணி உருளைகளெல்லாம் கட்டிலின் மேல் அடுக்கியிருக்கும். கட்டிலைத் தூக்கிக் கொடுத்துவிடலாம், யார் படுக்கப்போகிறார்கள் என்று அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மனைவி காதிலேயே வாங்கிக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் பென்சில் வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் விடாத மழை. ஜன்னலைச் சாத்திவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு, இரண்டு பேரும் தாள் தாளாகத் தள்ளினார்கள். பதிவு எண் 1147 வந்தது. மதிப்பெண்ணைப் பார்த்து வருவார் சாருக்குப் புருவம் ஏறியது. நூற்றுக்கு ஒருத்தர் வாங்குகிற மதிப்பெண். இருப்பதோ எங்கேயோ தூரத்தில். அறிமுக நாளுக்கு வரவில்லை. நேர்காணலுக்கு நேரில் வரலாம் என்று சொல்லியும் கணினித் திரையிலேயே முடித்துக்கொண்டார். ஒரு ஃபோன் கிடையாது. அனுப்பிய ஆறு மின்னஞ்சலில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

யோசிக்கவே இல்லை. 'மா' போட்டார்.

"சார், ஒரு நிமிஷம்" என்றாள் ப்ரோகிராம் மேடம். "என்னோடது நூத்துக்கு அம்பத்திரண்டு காட்டுது. வர்றதுக்குத்தான் கொஞ்சம் சாயுது."

"உங்க ப்ரோகிராமுக்கு மழையில ஜலதோஷம் பிடிச்சிருக்கு போல."

"இல்ல சார், ஸ்கூல் படிப்பு இந்தப் பக்கம்தான்னு என் ப்ரோகிராமுக்கு வர்ற விவரத்துல இருக்கு. சொந்த ஊருன்னு ஒரு பாசம் இருக்காதா?"

"எத்தனை வருஷத்துக்கு முன்னாடி?"

"பத்து."

அவர் சிரித்தார். "பத்து வருஷம் வெளிய இருந்தவங்க திரும்பி வரமாட்டாங்கம்மா. இத உங்க ப்ரோகிராமுக்கு யாரு சொல்றது? அனுபவத்துல சொல்றேன், எங்க வீட்லயே ஒண்ணு இருக்கு. ஒரு ஃபோன் பண்ணி 'ஹாஸ்டல் எப்படி'ன்னுகூடக் கேக்கல பாருங்க. நம்மள சும்மா ஒரு பாதுகாப்புக்கு வெச்சிருக்காங்க."

"சரி சார், உங்க வாக்கு" என்று அவளும் விட்டுக்கொடுத்தாள். 1147 வெயிட்டிங் லிஸ்டுக்குப் போயிற்று. டீ வந்தது, இரண்டு பேரும் குடித்தார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் குடையை மடக்கிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், செருப்பு வைக்கும் இடத்தில் புதிதாக ஒரு ஜோடி ஷூ. உள்ளேயிருந்து மனைவியின் சிரிப்புச் சத்தம். மகள் வந்திருந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து, தையல் அறையில் அம்மாவோடு சேர்ந்து துணி உருளைகளைக் கட்டிலிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

"பாத்தீங்களா? வந்துட்டா!" என்றாள் மனைவி. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கையில் இருந்த உருளையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் கையில் கொடுத்துவிட்டு முட்டை பொரிக்க ஓடினாள்.

சாப்பிட உட்கார்ந்தபோதுதான் மகள் விஷயத்தைச் சொன்னாள். வேலையை விட்டுவிட்டாள். இரண்டு வருஷம் எம்.பி.ஏ. படிக்கப் போகிறாள். தூரத்தில் ஒரு பெரிய கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"அங்கயா?" மனைவியின் முகம் சுருங்கியது. "இப்ப இருக்கற ஊரவிட இன்னும் தள்ளியில்ல இருக்கு?"

"ஆமாம்மா. ஆனா நான் ஆசைப்பட்ட எடம் அது இல்ல. ஆசைப்பட்டது ஒண்ணே ஒண்ணுதான். அவங்க வெயிட்டிங் லிஸ்ட்ல போட்டுட்டாங்க." ரொட்டியைப் பிய்த்தபடி அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "உங்க காலேஜ்தான்பா."

அவர் வாயில் வைத்தது அப்படியே நின்றது.

"நம்ம காலேஜுக்கா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா அப்பா சிபாரிசுல வந்தவள்னு பேசுவாங்க. எடம் கெடைச்ச பிறகு கடிதத்தோட வந்து நிக்கணும்னு நெனச்சேன். ரெண்டு வருஷம் இங்க இருந்துட்டுப் போலாம்னு. பதினேழு வயசுல போனேன், பெரியவளான பிறகு இந்த வீட்ல நான் இருந்ததே இல்லியே."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவருக்கு வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

"அறிமுக நாளுக்கு வந்தியா?"

"எப்படிப்பா வர்றது? நீங்கதான் வாசல்ல அட்டையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு எல்லாருக்கும் வழி காட்டிட்டு நிப்பீங்களே!"

"ஒரு ஃபோனாவது…"

"ரெண்டு தடவை பண்ணேன். ரெண்டு தடவையும் நீங்கதான் எடுத்தீங்க. டக்குனு வெச்சிட்டேன்."

"நாங்க அனுப்பின மெயிலெல்லாம் திறக்கவே இல்லியே?" கேட்ட பிறகுதான் உளறிவிட்டோம் என்று புரிந்தது. அவள் கவனிக்கவில்லை.

"எப்படித் திறக்கறது? யாரு திறந்தாங்க, எத்தனை தடவை திறந்தாங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும்னு நீங்கதானே சின்ன வயசுல இருந்து சாப்பிடும்போதெல்லாம் சொல்வீங்க? மாட்டிக்குவேன்னு, மேலாகத் தெரியுற ரெண்டு வரிய மட்டும் படிச்சுட்டு விட்டுட்டேன்."

அவர் எழுந்து தட்டைக் கழுவப் போனார். கழுவிய தட்டையே மறுபடி கழுவினார். 1147. மழை பெய்த அந்தப் பிற்பகலில் கால் நிமிஷம்கூட ஆகவில்லை. பெற்ற மகளைத் தாளில் பார்த்து, இவள் வரமாட்டாள் என்று தன் கையாலேயே எழுதியிருக்கிறார். எழுதிவிட்டு டீ குடித்திருக்கிறார்.

மறுநாள் காலை முதல் வேலையாக டைரக்டர் மேடத்தின் அறைக்குப் போனார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"மேடம், வெயிட்டிங் லிஸ்ட்ல 1147 எம் பொண்ணு. எனக்கு நேத்துதான் தெரியும்."

"எனக்கு விண்ணப்பம் வந்த அன்னிக்கே தெரியும்" என்றார் டைரக்டர் மேடம். "இங்க உறவுக்காரங்க யாராவது வேலை பாக்கறாங்களான்னு படிவத்துல ஒரு கேள்வி இருக்கில்ல? 'அப்பா'ன்னு எழுதியிருந்தா. அந்தப் பக்கம் மட்டும் தனியா என் பீரோவுக்கு வந்துடும். உங்ககிட்ட நான் சொல்லக்கூடாது, விதி அப்படி."

"நான் 'மா' போட்டப்ப…"

"சிரிக்கறதா அழறதான்னு தெரியல சார். நான் கைவெச்சு மாத்தினா அது சிபாரிசு. மாத்தாம விட்டா ஒரு நல்ல பொண்ணு போகுது. விதிய பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டேன்." டைரக்டர் மேடம் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து வைத்தார். "இப்பவும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"பண்ணவேண்டாம். வெயிட்டிங் லிஸ்ட் வேலையிலேர்ந்து என்னை எடுத்துடுங்க. ப்ரோகிராம் மேடம் பாத்துக்கட்டும். நான் அந்த ஃபைல் பக்கமே வரல."

"அது சரி" என்றார் டைரக்டர் மேடம். "மத்த காலேஜோட கெடு எல்லாம் முடிஞ்ச பிறகுதான் நாம லிஸ்ட்டைத் திறப்போம். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அடுத்த வாரமோ அதற்கும் அடுத்த வாரமோ திறப்பார்கள். மகளுக்குக் கெடு வெள்ளிக்கிழமை.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். தையல் அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ விடுதிக்கு நாற்பது ஜன்னல், அத்தனைக்கும் ஒரே பச்சைத் துணி. மனைவி மடிப்பு நாடாவைத் துணியின் தலைப்பில் வைத்து ஓட்ட, மகள் எதிர்ப்பக்கம் நின்று பாரம் இழுக்காமல் துணியைத் தாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"பாப்பா, உனக்கு வெயிட்டிங் லிஸ்ட் ஆனது என்னாலதான்."

இயந்திரம் நின்றது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். எண், மதிப்பெண், திறக்காத ஆறு மின்னஞ்சல், அம்பத்திரண்டு என்று அந்த அம்மாள் சொன்னது, இவர் சிரித்தது, எங்க வீட்லயே ஒண்ணு இருக்கு என்று ஜம்பமாகப் பேசியது. எதையும் பாக்கி வைக்கவில்லை. மகள் முதலில் சிரித்துவிட்டாள்.

"அப்ப நான் நல்லாத்தான் ஒளிஞ்சிருக்கேன்!" என்றாள். அடுத்த நொடி அவள் உதடு கோணிக்கொண்டது. கையிலிருந்த துணியை விடாமலே அழுதாள்.

"நீயா இருக்கும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரிஞ்சிருந்தாலும் அதைத்தான்பா எழுதியிருப்பீங்க." அவள் மூக்கை உறிஞ்சினாள். "பத்து வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். அம்மாகிட்ட ஃபோன்ல பேசறப்பல்லாம் பின்னாடி உங்க குரல் கேக்கும். 'அவளுக்கு லீவு இருக்காது, அவ வரமாட்டா'ன்னு. மூணு தடவை டிக்கெட் போட்டுட்டு கேன்சல் பண்ணியிருக்கேன், தெரியுமா?"

"ஏன்?"

"யாரும் எதிர்பாக்காத வீட்டுக்கு எப்படி வர்றது?"

"நான் எதிர்பாத்தேன்டி" என்றாள் மனைவி.

"நீ எதிர்பாப்பம்மா. அது எனக்குத் தெரியும். இவரு?" மகள் அவர் பக்கம் திரும்பினாள். "என்னிக்காவது ஒரு நாள், வா பாப்பான்னு நீங்களா கூப்பிட்டிருக்கீங்களாப்பா?"

அவர் யோசித்துப் பார்த்தார். பத்து வருஷத்தையும் புரட்டிப் பார்த்தார். ஒரு தடவைகூட இல்லை. கூப்பிட்டு அவள் முடியாது என்று சொல்லிவிட்டால் தாங்காது என்று, அவள் சொல்வதற்குமுன் தானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். கல்லூரி என்ன செய்ததோ அதையேதான் வீட்டிலும் செய்திருக்கிறார். அதை அப்படியே அவளிடம் சொன்னார். ஐம்பத்தைந்து வயது மனிதர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டிருப்பதை மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சரி, அழாதீங்க. இப்ப தொழில்காரரா ஒண்ணு சொல்லுங்க. வெயிட்டிங் லிஸ்ட்லேர்ந்து என்னைக் கூப்பிட எவ்வளவு வாய்ப்பு?"

இதைத்தான் கேட்பாள் என்று அவருக்குத் தெரியும். கேட்கக் கூடாதே என்றும் இருந்தது. மனைவி இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது என்று சொன்னால் போதும். மகள் அந்தப் பெரிய கல்லூரியை விட்டுவிட்டு இங்கேயே காத்திருப்பாள். அவருக்கு வேண்டியதும் அதுதான், வேறு எதுவும் இல்லை.

"நூத்துக்கு ஒம்பது" என்றார்.

"அவ்வளவுதானா?"

"அஞ்சு வருஷத்து சராசரி. ஒரு வருஷம் பதினாலு. ஒரு வருஷம் ஒருத்தரைக்கூடக் கூப்பிடல."

"வேற யாரோ ஒரு பொண்ணு ஃபோன் பண்ணி இதையே கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"கையில இருக்கறதை எடுத்துக்கோம்மான்னு சொல்லுவேன்."

"ஒரு நாப்பதுன்னு சொன்னா வாய் வெந்தா போயிடும்?" என்று மனைவி வெடித்தாள். "பெத்த பொண்ணுகிட்ட என்ன கணக்கு வேண்டிக்கிடக்கு?"

"இரும்மா" என்றாள் மகள். "அவரு என்கிட்ட பொய் சொல்லலியே, அது போதும்."

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, மூன்று பேரும் பார்த்திருக்க, அந்தத் தூரத்துக் கல்லூரிக்கு 'வருகிறேன்' என்று அனுப்பினாள். மனைவி உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் கல்லூரி திறக்க ஐந்து வாரம் இருந்தது. வேலையும் இல்லை, மகள் வீட்டிலேயே இருந்தாள். வருவார் சார் இருபத்திரண்டு வருஷத்தில் முதன்முறையாக மணி ஐந்தடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். வீட்டுக்குப் போனால் வேலை காத்திருக்கும். மகள் மடிப்பு எடுக்கக் கற்றுக்கொண்டாள். முதல் இரண்டு திரையில் மடிப்பு ஒன்று பருத்து, ஒன்று இளைத்து வந்தது, அம்மா இரக்கமே இல்லாமல் பிரிக்கச் சொன்னாள். அவருக்குக் கொக்கி கோர்க்கும் உத்தியோகம். ஒரு ஜன்னலுக்கு இருபத்து நாலு கொக்கி. கோர்க்கக் கோர்க்க மகள் கதை சொல்வாள். துறைமுகத்தில் பெட்டி மாறிப்போய் ஒரு கடைக்காரனுக்கு நாற்காலிக்குப் பதிலாக ஆறாயிரம் பொம்மை போய்ச் சேர்ந்தது, வாடகை அறையில் கூரை ஒழுகிக் குடை பிடித்துக்கொண்டு தூங்கியது. இதெல்லாம் நடந்தபோது நீ ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. யார் கேட்டிருக்க வேண்டும் என்று அவருக்கே தெரியும். நன்றாகச் சிரித்தார்கள். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலமாகியிருந்தது.

இரண்டு வாரம் கழிந்து வந்த சனிக்கிழமை காலை பத்து மணி. மழை விட்டிருந்தது. மகளின் கைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டவள் முகம் மாறி, சத்தத்தை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். ப்ரோகிராம் மேடத்தின் குரல். எழுதிவைத்ததைப் படிப்பது போல நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"உங்களுக்கு எங்க கல்லூரியில இடம் கொடுக்கறதுல மகிழ்ச்சியடையறோம். திங்கக்கிழமை காலைக்குள்ள உங்க முடிவச் சொன்னா போதும்." ஒரு வினாடி இடைவெளி விட்டு, எழுதாததையும் பேசினாள். "இது முழுக்க என் லிஸ்ட்டும்மா. உங்கப்பா அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல."

மனைவி கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு மகளைக் கட்டிக்கொண்டாள். "பாத்தியா! பாத்தியா!" என்பதைத் தவிர அவளுக்கு வேறு வார்த்தை வரவில்லை. மகள் அம்மாவின் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்தாள்.

"என்னப்பா பண்ணட்டும்?"

எத்தனையோ தடவை ஃபோனில் யார் யாருக்கோ இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறார். எந்தக் கல்லூரிக்குப் பெயர் அதிகம், எதில் படித்தால் வேலை சுலபம், இடம் வாங்கிக்கொண்டு கடைசி நேரத்தில் கழன்றுகொள்கிறவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர், எல்லாம் மனப்பாடம். ஒன்றையும் எடுக்கவில்லை.

"வா பாப்பா" என்றார். "இங்கயே வந்துடு. எனக்கு நீ வேணும்."

மகள் வந்து அவர் காலடியில் பச்சைத் துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்தாள். மெதுவாகப் பேசினாள்.

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி இதக் கேட்டிருந்தா குதிச்சிருப்பேன்பா. இப்ப அங்க ரூம் எடுத்தாச்சு. கூட இருக்கப்போற பொண்ணுகூட தினம் பேசறேன். பாடம் எடுக்கப்போறவர் ஒருத்தர், என் சரக்கு வேலையப் பத்திக் கேட்டு ரெண்டு பக்கம் எழுதியிருக்காரு. போறேன் போறேன்னு நெனச்சு நெனச்சு மனசு பாதி அங்க போயிடுச்சு. பொய் சொல்லட்டுமா உங்ககிட்ட?"

"வேண்டாம்."

அவருக்குத் தெரியும். ஒரு இடத்துக்கு வருகிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு, முதல் பத்து நாளில் மனசு அங்கே குடியேறிவிடும். அந்தப் பத்து நாளுக்குப் பிறகு கூப்பிட்டால் வருகிறவர்கள் கம்மி. இதை அவர்தான் ஆபீஸில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது.

"கோவமாப்பா?"

"உன் மேல எதுக்கும்மா?"

"லீவு விட்டா கூப்பிடுங்க. கேன்சல் பண்ணாம வருவேன்." அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டாள். மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, துணிய மிதிக்காதீங்க, நாளைக்கு டெலிவரி என்றாள். மூன்று பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலை மகள் ஃபோன் செய்து இடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர் ஆபீஸுக்குப் போய்ப் பையை வைப்பதற்குள் ப்ரோகிராம் மேடம் எழுந்து வந்தாள்.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். இருபத்திரண்டு பேரைக் கூப்பிட்டோம். மொத ஃபோன் உங்க பொண்ணுக்குத்தான் பண்ணேன்."

"உங்க அம்பத்திரண்டுதாம்மா சரி. இந்த வாரம் டீ என்னோடது."

"எங்க சார்? உங்க கட்டத்துல 'மா', பொண்ணும் வரல. ப்ரோகிராம் உங்களுக்குச் சரின்னு பச்சை காட்டுது." அவள் தயங்கினாள். "இந்த ஃபைல மூடறதுக்கு முன்னாடி ஒரு கட்டம் நிரப்பணும். ஏன் வரலன்னு காரணம் கேக்குது. நீங்க ஆபீஸரா சொல்லவேண்டாம். வீட்ல அப்பாவா கேட்டதச் சொல்லுங்க. இதுல அஞ்சுதான் இருக்கு. வேற நல்ல கல்லூரி, பணம், வேலை, குடும்பம், உடல்நிலை. எதைப் போடட்டும்?"

அவர் திரையைப் பார்த்தார். ஐந்தையும் ஒரு தடவை படித்தார்.

"இதுல எதுவும் இல்லம்மா. கீழ புதுசா ஒண்ணு எழுதுங்க."

அவள் விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். "அழைக்கத் தாமதமாகிவிட்டதுன்னு போடட்டுமா சார்?"

"தானா ஆச்சா?" என்றார் அவர். "கூப்பிட லேட் பண்ணிட்டோம்னு போடுங்க."